விழுந்தவருக்கு ஏழு வரி

எங்கள் பக்கத்தில் கபடி போட்டி நடத்துகிறவர்களுக்கு இப்போது ஒரு வழக்கம் தொற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு ஆட்டக்காரர் அவுட்டானால், 'அஞ்சாம் நம்பர் வெளியே' என்று சொல்லிவிட்டு வர்ணனையாளர் அடுத்த ரைடுக்குப் போய்விட முடியாது. விழுந்தவர் யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு வந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கூட்டம் கேட்கும். போன மாதம் வாலாஜாபாத்தில் மைக் பிடித்தவர் ஆரணியிலிருந்து வந்திருந்தார். அவரும் அச்சுப் பிசகாமல் இதையே செய்தார். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். எல்லா இடத்திலும் இப்படித்தானே அண்ணா சொல்வார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது கிரேக்க நாட்டுச் சரக்கு என்று சொன்னால் நம்பவா போகிறார்?

நான் மைக் செட் வைத்திருக்கிறேன். பட்டு நெசவுக் குடும்பம்தான். அண்ணன் இன்றைக்கும் வீட்டில் தறி போட்டு நெய்கிறார். கை நிறைய வேலை இருக்கிறது. எனக்குத் தறியைவிடப் பெரிய சத்தம் பிடித்துப்போனதால் இந்தத் தொழிலுக்கு வந்தேன். கல்யாணம், காதுகுத்து, உற்சவம், கட்சிக் கூட்டம் என்று எத்தனையோ பேர் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மைக்கைக் கையில் கொடுத்ததும் முதலில் தன் பெயரைச் சொல்லாத ஒரே ஆளைத்தான் இத்தனை காலத்தில் பார்த்திருக்கிறேன். இது அவரைப் பற்றியது. அவர் பெயரை நானும் சொல்லப்போவதில்லை. அது அவர் போட்ட நிபந்தனை. அதற்கான காரணம் போகப் போகத் தெரியும்.

அவர் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். நாங்கள் மேடம் என்போம். நாற்பதைத் தாண்டிய வயது, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, பின் சக்கரம் லேசாக ஆடுகிற ஒரு ஸ்கூட்டி. மாகறலில் ஒரு போட்டி. வழக்கமாக வர்ணனை செய்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு காற்றுதான் வந்தது. தன் மாணவர்கள் ஆடுவதைப் பார்க்க வந்திருந்த மேடம் நேராக என்னிடம் வந்து, நான் பேசட்டுமா என்று கேட்டார். இங்கிலீஷ் டீச்சருக்குக் கபடியில் என்ன வேலை என்று நினைத்தேன். ஆனாலும் வேறு வழியில்லை.

மைக்கை வாங்கியவர் அதை அப்படியே மேஜையில் வைத்துவிட்டுக் களத்துக்குள் இறங்கிப் போனார். இரண்டு அணியிலும் ஒவ்வொருவராகப் பிடித்து மூன்று கேள்விகள் கேட்டார். உன் பேர் என்ன, எந்த ஊரில் யார் வீட்டுப் பிள்ளை, காலையில் என்ன சாப்பிட்டாய்? கையில் பேனா கிடையாது, காகிதம் கிடையாது. திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கி முதல் ஆள் விழுந்ததும் அவர் குரல் எழுந்தது. 'விழுந்தவர் முருகேசன். மாகறல் கோயிலுக்குத் தெற்கே வேப்பமரம் நிற்கிற வீடு. தந்தை ஏகாம்பரம் டிராக்டர் ஓட்டுகிறார். தாய் கன்னியம்மாள் இன்று காலை இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்து, காலை உடைத்துக்கொண்டு வந்து நிற்காதே என்று சொல்லி அனுப்பினார். முருகேசன் காலை உடைத்துக்கொள்ளவில்லை, அம்மா. அவுட் மட்டும்தான் ஆனார்.'

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்த முருகேசன், சட்டென்று நிமிர்ந்து, கோப்பையே வாங்கியவர் மாதிரி நடந்துபோய் உட்கார்ந்தார். பிடித்தவருக்கு மேடம் ஒரே ஒரு வரிதான் கொடுத்தார். விழுந்தவருக்கு ஏழு வரி.

போட்டி முடிந்து நான் வயர் சுற்றும்போது, இந்தப் பாணியை எங்கே பிடித்தீர்கள் என்று விசாரித்தேன். அப்போதுதான் கிரேக்கர் கதை வந்தது. அந்த நாட்டில் எழுத்து வருவதற்கு முன்பே பாடப்பட்ட ஒரு போர்ப் பாட்டு இருக்கிறதாம். பாடியவருக்குக் கண் தெரியாது என்றும் ஒரு பேச்சு உண்டாம். போரில் பெரிய வீரர்கள் ஏகப்பட்ட பேர். ஆனால் பாட்டில் அந்த ஒரே இடத்தில் வந்து ஈட்டி பட்டு விழுகிறவன் ஒருவன் இருப்பான் பாருங்கள், அவனுக்காகப் பாட்டு நின்றுவிடுமாம். அவன் அப்பா யார், எந்த ஆற்றங்கரையில் பிறந்தான், புதுப் பெண்டாட்டியை எந்த ஊரில் விட்டு வந்தான் என்று சொல்லிவிட்டுத்தான் சண்டை மேலே நகருமாம். பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் ஜெயித்த கட்சி. தோற்ற ஊர்க்காரனுக்கும் அதில் இதே மரியாதைதானாம்.

எனக்கு ஒரு சந்தேகம். சண்டை நடக்கும்போது நிறுத்தி வைத்துக் கதை சொன்னால் எதிரி சும்மா காத்துக்கினு இருப்பானா என்று கேட்டேன். பாட்டுக்காரர் நிறுத்தினால் ஆகாசமே நின்றுதான் ஆகவேண்டும் என்றார் மேடம். நான் விடவில்லை. நம் கூத்தில் ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நின்று தன் ஊரையும் பேரையும் தானே சொல்லிக்கொண்டு வருமே, அந்த மாதிரியா என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அதேதான்பா. ஆனா நம்ம கூத்துல ராஜாவுக்கு உண்டு. இதுல கட்டக் கடைசி சேவகனுக்கும் உண்டு."

ரோமாபுரிக்காரர்கள் அந்தப் பாட்டிலிருந்து எடுத்தார்கள், இங்கிலீஷ்காரர்கள் எடுத்தார்கள், நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் இன்னும் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், காஞ்சிபுரத்துக் கபடி மட்டும் என்ன பாவம் செய்தது என்று அவர் கேட்டார். எனக்கு நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து அவர் என் வர்ணனையாளர் ஆனார். ஞாயிற்றுக்கிழமை எங்கே போட்டி இருந்தாலும் ஸ்கூட்டி என் வேனுக்குப் பின்னால் ஆடிக்கொண்டே வரும்.

ஆட்களுக்கு அடைமொழி வைப்பது அவருக்கு இன்னொரு பழக்கம். வைத்தால் வைத்ததுதான், மாற்ற மாட்டார். 'தொடை தட்டினால் தொலைவில் கேட்கும் தணிகைவேல்' என்பார். தணிகைவேல் உள்ளே வந்தாலும் அதுதான், வெளியே போனாலும் அதுதான், காலில் சுளுக்கு விழுந்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனபோதும் அதுதான். எதற்கு ஒவ்வொரு தடவையும் என்று கேட்டேன். அந்தக் காலத்துப் பாடகர்கள் கண்டுபிடித்த சூட்சுமமாம். அடைமொழி தானாக வாயில் ஓடும். அதற்குள் அடுத்த வரியை யோசித்துக்கொள்ளலாம். நாங்கள் 'ஹலோ, செக், செக்' என்று சொல்லிக்கொண்டே எந்த வயர் கழன்றது என்று பார்ப்போமே, அப்படித்தான். எனக்கும் ஒன்று வைத்தார். 'காற்றில் குரல் கட்டுகிற குமார்.' என் வேனில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

தொடக்க விழாவில் அணிகளை அறிமுகம் செய்யச் சொன்னால் போச்சு. கிரேக்கப் பாட்டில் கப்பல்களையெல்லாம் வரிசையாகச் சொல்கிற ஒரு நீளமான இடம் உண்டாம். அதே தோரணையில் ஊர் ஊராக ஆரம்பிப்பார். நெல் வாசனையோடு வரும் வாலாஜாபாத் அணி, சமணக் கோயிலின் நிழலில் பயிற்சி எடுத்த திருப்பருத்திக்குன்றம் அணி என்று ஒன்றையும் விடமாட்டார். ஒரு தடவை சிறப்பு விருந்தினர் சால்வையோடு நின்றுகொண்டே இருந்தார். வெயிலில் வியர்த்து, சால்வையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேடம் அவர் பெயரைக் கடைசியில் சொன்னார். அவரிடமும் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று மைக்கிலேயே கேட்டார். சுகர் இருப்பதால் ரெண்டு கோதுமை தோசை என்று அந்த மனிதர் அடக்கமாகப் பதில் சொன்னார். அன்றைக்கு அவருக்கு விழுந்த கைதட்டல் தேர்தலில்கூட விழுந்திருக்காது.

தப்பும் செய்திருக்கிறார். ஆட்டத்துக்குத் தாமதமாக வந்த ஒருவரைப் பற்றிப் பக்கத்திலிருந்தவர்களிடம் கேட்டு, அவர்கள் வேறு யாரையோ நினைத்துச் சொன்னதை நம்பி, 'தாயை இழந்து தனியே வளர்ந்தவர்' என்று உருக்கமாகச் சொல்லிவிட்டார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு அம்மா டிபன் கேரியரோடு எழுந்து நின்றார். "இன்னாமா சொல்ற? நான் இன்னா பேயா?" என்றார். மைதானம் குலுங்கியது. மேடம் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, அந்த அம்மாவை மைக்குக்கு அழைத்து, அவர் பெயர், பிறந்த ஊர், கேரியரில் இருந்த கோழிக் குழம்பு வரை எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு அடுத்தவர் வாயிலிருந்து கேட்டதை அவர் மைக்கில் சொன்னதே இல்லை.

அந்த மூன்றாவது கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பேர் சரி, ஊர் சரி, சாப்பாடு எதற்கு? ஒரு நாள் டீக்கடையில் கேட்டேன். அவர் டீயைக் கீழே வைத்தார். அவருடைய அப்பா செங்கல் லாரியில் லோடு ஏற்றப் போனவர். லாரி கவிழ்ந்தது. மறுநாள் பேப்பரில் வந்த செய்தி இரண்டே வரி. இருவர் காயம், கூலித் தொழிலாளி ஒருவர் பலி.

"அந்த ஒருத்தருக்குப் பேரு இருந்துது குமாரு. ஊரு இருந்துது. அன்னிக்கிக் காலையில எங்கம்மா ஊத்தன கூழக் குடிச்சிட்டு, உப்பு கம்மின்னு சொல்லிட்டுப் போனாரு. கிரேக்கப் பாட்ட காலேஜில படிச்சப்ப, யாரோ ஒரு சேவகனுக்கு இத்தன வரியான்னு அழுதுட்டேன். அந்தப் பாட்டுக்காரரு எங்கப்பா விழுந்த எடத்துல நின்னிருந்தா, விட்டிருக்க மாட்டாரு."

நான் அவருக்கு இன்னொரு டீ சொன்னேன். தன் பெயரை அவர் ஏன் சொல்வதே இல்லை என்றும் அன்றைக்கே தெரிந்துகொண்டேன். அந்த நீளப் பாட்டில் எத்தனையோ பேர் வருகிறார்கள், பாடுகிறவர் பேர் மட்டும் வராதாம். அதனால் நீயும் எங்கேயும் என் பேரைப் போடாதே என்றார்.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். தெருவுக்குப் பின்னால் ஒரு மைதானம். காலையில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டுவோம், மாலையில் பிள்ளைகள் விளையாடுவார்கள். பொங்கலுக்கு எங்கள் விழாக் குழு அங்கேதான் கபடி போட்டி நடத்தும். அந்த வருஷம் முதல் தடவையாகப் பெண்கள் போட்டி என்று அறிவித்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனிப் பெண்கள் பெயர் கொடுத்தார்கள். அவர்களின் கேப்டன் ஸ்டெல்லா, மேடத்தின் மாணவி. எங்கள் குழுத் தலைவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிபந்தனை மட்டும் போட்டார். அணியின் பெயர் 'பி அணி'. எந்த ஊர், எந்த இடம், யார் பெண்கள் என்று மைக்கில் வரக்கூடாது. வந்தால் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. நம் தெருவில் நெய்கிற புடவை எந்த வீட்டுக்குப் போகிறது என்று நாம் கேட்கிறோமா என்று அவரிடமே கேட்டேன். உன் வேலை ஸ்பீக்கர் கட்டுவது என்றார்.

மேடம் நிபந்தனையைக் கேட்டுக்கொண்டார். சரி என்று சொல்லவில்லை. அதைத் தலைவர் கவனிக்கவில்லை.

அரையிறுதியில் ஸ்டெல்லா விழுந்தாள். நான் கூம்பு ஸ்பீக்கர்களைத் தெருமுனை வரை கட்டியிருந்தேன். மேடத்தின் குரல் தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. 'விழுந்தவர் ஸ்டெல்லா. ஏரிக்கு அப்பால், காலனியில், மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பின்னால் இருக்கிற வீடு. தந்தை அந்தோணி...' அதற்குமேல் போக விடவில்லை. தலைவர் மேடையிலிருந்து ஓடிவந்து மைக்கைப் பிடுங்கிவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் பெரிய வாக்குவாதம். தலைவர் நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். அவருக்குத் தெரிந்த பாஷையில் கேட்டார்.

"பாவுல ஒரு இழ அறுந்தா முடி போட்டுட்டுப் போயிக்கினே இருக்கறோம். நின்னு அது யாரு எவருன்னு பேசிக்கினா இருக்கறோம்?"

"எந்த இழ அறுந்துதுன்னு பாக்காம எப்பிடிங்க முடி போடுவீங்க?" என்றார் மேடம்.

பதில் இல்லாதவர்கள் செய்வதையே தலைவரும் செய்தார். இறுதி ஆட்டத்துக்குச் சென்னையிலிருந்து வேறு வர்ணனையாளர் வருவார் என்று அறிவித்துவிட்டார்.

மேடத்துக்கு அதுகூடப் பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது பிறகு நடந்தது. நாங்கள் வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் பிளம்பர் வந்து நின்றார். தெருவில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. பதினைந்து வருஷமாக எல்லா வீட்டுக் குழாயும் அவர் கைப்பட்டதுதான், தலைவர் வீட்டு மாடித் தொட்டி உட்பட. பிளம்பர், பிளம்பர் என்றே கூப்பிட்டுப் பழகியதால் அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. எங்கிருந்து வருகிறார் என்று கேட்டதும் இல்லை. அவர் பையைக் கீழே வைத்துவிட்டு மேடத்தைக் கும்பிட்டார்.

"அந்தோணி நான்தாம்மா. ஸ்டெல்லா எம் பொண்ணு. எம் பேரு மைக்கில வேணாம்மா. நான் வாயத் தொறந்து எங்க இருக்கறேன்னு சொன்னதில்ல, அதனாலதான் சமையக்கட்டு வரைக்கும் உள்ள உடறாங்க. இன்னிக்கி பிளம்பருன்னு சொல்றதுக்குள்ள மைக்கப் புடுங்கிட்டாங்க, இன்னும் ஒருவாட்டி நீங்க முழுசா சொன்னா தெரிஞ்சிடும். அவ படிப்பு இந்தத் தெரு வேலையிலதான் ஓடுது."

மேடம் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. மெதுவாகச் சொன்னார்.

"உங்க பேரு உங்களுதுங்க. சொல்றதும் உடறதும் நீங்கதான். என் வாயில வராது. சத்தியமா."

அவர் போன பிறகு மேடம் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். கிரேக்கப் பாட்டில் விழுந்தவர்கள் எல்லாம் செத்தவர்கள், மறுநாள் வேலைக்குப் போகவேண்டியதில்லை, இதை யோசிக்காமல் இருந்துவிட்டேனே என்றார். எத்தனை மேடையில் எத்தனை பேர் வீட்டைச் சொல்லியிருக்கிறேன், அதில் யார் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று புலம்பினார். அவரைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. ஸ்கூட்டியை வேனில் ஏற்றி அவரை வீட்டில் விட்டேன்.

இறுதி ஆட்டம். எதிரணி வாலாஜாபாத். காலனிப் பெண்கள் ஜெயித்தார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்ததில் அது சின்ன விஷயம்.

சென்னை வர்ணனையாளர் நல்ல குரல்காரர். கறுப்புக் கண்ணாடி, நடு நடுவே சைரன் சத்தம் எல்லாம் வைத்திருந்தார். மேடம் டிக்கெட் வாங்கி வந்தவர் மாதிரி கூட்டத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். முதல் ரைடிலேயே வாலாஜாபாத் பெண் ஒருத்தி பிடிபட்டாள். 'நம்பர் செவன் அவுட்' என்று சொல்லி அவர் சைரனை அழுத்தினார். சைரன் ஓய்ந்தது. கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாரு பொண்ணுபா அது?"

அவருக்குப் புரியவில்லை. அடுத்த ரைடுக்குப் போகப் பார்த்தார். இப்போது பத்துக் குரல்கள். யாரு பொண்ணு, எந்த ஊரு? நாலு நாளாக மேடத்தைக் கேட்ட கூட்டம். சொல்லாமல் விட்டால் உப்பில்லாத சாப்பாடு மாதிரி இருந்திருக்கிறது. வாலாஜாபாத்திலிருந்து வந்தவர்கள் பக்கமிருந்து யாரோ எழுந்து, எங்க ஊரு ரைஸ் மில் டிரைவர் பொண்ணு, காலையில பொங்கலும் வடையும் சாப்ட்டா என்று கத்தினார்கள். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. சென்னைக்காரர் கெட்டிக்காரர். ஆஹா, இது நல்லா இருக்குதே என்று அதை மைக்கில் வாங்கித் திருப்பிச் சொன்னார். அதற்கப்புறம் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. வாலாஜாபாத் அணியில் ஒவ்வொருத்தி விழும்போதும் கூட்டம் கேட்டது, கூட்டமே பதில் சொன்னது. மேடம் வாயைத் திறக்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நிற்பது எனக்குத் தெரிந்தது.

அப்போது ஸ்டெல்லா விழுந்தாள்.

யாரு பொண்ணு என்று மைதானம் முழுக்கக் கேட்டது. பதில் இல்லை. காலனிக்காரர்கள் ஏரிக்கரைப் பக்கம் கும்பலாக நின்றிருந்தார்கள். நிபந்தனை அவர்களுக்குத் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் மேடையில் எழுந்து நின்றுவிட்டார். யாரு பொண்ணுபா என்று மறுபடியும் கேட்டார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பி மேடத்தைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்து, கடலைப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கொடுத்த வாக்கு அது. ஸ்டெல்லா கோட்டுக்கு வெளியே வந்து, முழங்காலில் மண்ணோடு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தாள். சைரன்கூட அடிக்கவில்லை.

குடிதண்ணீர் டிரம்முக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்த பிளம்பர் நிமிர்ந்தார். கையில் ஸ்பேனர். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

"எம் பொண்ணு," என்றார். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு மைதானத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "எம் பொண்ணுதான்பா அது. ஸ்டெல்லா. எம் பேரு அந்தோணி. ஏரிக்கு அந்தாண்ட காலனி."

நம்ம பிளம்பர் பொண்ணா என்று எங்கள் தெருப் பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொண்டார்கள். அதற்குள் கூட்டத்தின் நடுவில் மேடம் எழுந்துவிட்டார். கடலை சிதறியது. சத்தியம் பெயருக்குத்தானே, மூன்றாவது கேள்விக்கு இல்லையே.

"காலையில என்ன சாப்ட்டா?"

அந்தோணி சிரித்துவிட்டார். பதினைந்து வருஷத்தில் எங்கள் தெரு பார்க்காத சிரிப்பு.

"கேவுரு கூழும் நெத்திலிக் கருவாடும்மா. ரெண்டு சொம்பு குடிச்சா."

மைதானம் வெடித்தது. காலனிக்காரர்கள் விசிலடித்தார்கள். எங்கள் தெரு ஆட்களும்தான் அடித்தார்கள். என் அண்ணன் அடித்ததை நானே பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு வீடுகளில் அந்தோணியைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்பது உண்மை. மற்ற வீடுகளில் அந்தோணி அண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதும் உண்மை. தலைவர் வீட்டு மாடித் தொட்டி அடுத்த மாதம் ஒழுகியபோது, வேறு இரண்டு பேரை வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்தோணி அண்ணனுக்குத்தான் போன் போட்டார். மேடம் மாற்றலாகித் தெற்கே போய்விட்டார். அங்கே எந்த மைதானத்தில் யாரைப் பிடித்துக் காலைச் சாப்பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரோ.

அதெல்லாம் பிறகு. அடுத்த ரைடில் காலனிப் பெண் ஒருத்தி எதிரணியில் ஒருத்தியைத் தொட்டுவிட்டு ஓடிவந்தாள். அதனால் ஸ்டெல்லா மறுபடியும் உள்ளே ஏறலாம். அவள் எழுந்து மண்ணைத் தட்டினாள். சென்னைக்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தலைவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கையால் ஏதோ சைகை காட்டினார். குறை என்கிறாரா, நிறுத்து என்கிறாரா என்று நான் கவனிக்கவில்லை. என் வேலை ஸ்பீக்கர் கட்டுவது. வால்யூம் குமிழைக் கடைசி வரை திருகினேன். தெருமுனைக் கூம்புகளில், தறி வீடுகளின் வாசலில், ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் சென்னைக்காரரின் குரல் போனது.

'ஏரிக்கு அப்பால் காலனி, அந்தோணி மகள் ஸ்டெல்லா. கேழ்வரகுக் கூழும் நெத்திலிக் கருவாடும் சாப்பிட்டு வந்தவர். இதோ, உள்ளே வருகிறார்.'